தினமும் வரையும்போது எங்கே கோட்டை விடுகிறோம்?

புத்தாண்டு அன்று ஸ்கெட்ச் புத்தகம் வாங்கிப் பொங்கலுக்குள் அதைப் பரணில் போடுபவர்கள் நிறையப் பேர். பெரும்பாலும் ஆசை குறைந்து யாரும் விடுவதில்லை. ‘நாளுக்கு ஒரு படம்’ என்று கணக்கு வைத்துக்கொள்வதுதான் காலை வாருகிறது. படம் என்றால் நிழல் தீட்டி, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, இன்ஸ்டாகிராமில் ஏற்றத் தோதான படம். புதிதாகப் பழகுபவருக்கு அதற்கு இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வருபவரால் அதை எத்தனை நாள் இழுக்க முடியும்? பதினைந்து நிமிடம், ஒரு பக்கம், பாதியில் நின்றாலும் மூடி வைத்துவிடலாம் என்று வைத்துக்கொண்டால் ஓடும். நேரமும் ஏற்கெனவே இருக்கும் ஒரு வேலையோடு ஒட்டியிருப்பது நல்லது: காலைக் காப்பி முடிந்ததும், அல்லது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு.

ஒரு நாள் விட்டுப்போனால் எல்லாம் போச்சு என்று நினைப்பது அடுத்த தவறு. ‘21 நாள் செய்தால் பழக்கம்’ என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைக் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. சாப்பாடு, உடற்பயிற்சி போன்ற சின்னச் சின்னப் பழக்கங்கள் படிய சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வித்தியாசம் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு எதுவும் இல்லை. எனவே நேற்று விட்டதற்கு இன்று இரண்டு பக்கம் என்று வட்டி கட்ட வேண்டாம். இன்றைய பக்கம் போதும்.

எதை வரைவது? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். கண் பார்ப்பதை விட்டுவிட்டு, மூளைக்குத் தெரிந்ததைக் கை வரைந்துவிடுகிறது. ஒரு எவர்சில்வர் டம்ளரை மேசையில் வைத்து, உட்கார்ந்தபடி வரைந்து பாருங்கள். மேல் விளிம்பு நீள்வட்டமாகத் தெரியும். புதியவர்கள் அதன் இரண்டு முனைகளையும் மனிதக் கண்ணின் ஓரங்களைப் போல் கூராக முடிப்பார்கள். உண்மையில் அங்கே கூர் கிடையாது, வளைவு சட்டென்று திரும்புகிறது, அவ்வளவுதான். அடிப்பாகத்தை நேர்க்கோடாகப் போடுவார்கள், டம்ளர் மேசையில் தட்டையாக நிற்பது தெரியும் என்பதால். ஆனால் கண்மட்டத்துக்குக் கீழே போகப்போக வட்டம் இன்னும் விரிந்து தெரியும். ஆகவே அடிவளைவு மேல் விளிம்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வளைய வேண்டும். இதே டம்ளரைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தால் விளிம்பு ஒற்றைக் கோடாகிவிடும். ஒரு வாரம் டம்ளரையே வரைந்தாலும் அலுக்காத அளவுக்கு அதில் விஷயம் இருக்கிறது.

முகத்திலும் இதே கதைதான். கண்களை நெற்றிக்குப் பக்கத்தில் ஏற்றி வைத்துவிடுவார்கள். உச்சந்தலையிலிருந்து தாடை வரை அளந்தால் கண்கள் ஏறக்குறைய நடுவில் இருக்கும். முடியை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

நம்மூரில் வரையத் தொடங்குபவர்களுக்கு முதல் இலக்கு பெரும்பாலும் ஒரு நடிகர் முகம். செல்போனில் படம், அதன் மேலே கட்டம் கட்டமாகக் கோடு, தாளிலும் அதேபோல் கட்டம்; ஒவ்வொரு கட்டமாகப் பார்த்து வரைவது. அச்சு அசலாக வந்துவிடும். வீட்டில் பாராட்டும் கிடைக்கும். கட்டத்தை எடுத்துவிட்டால் கை நின்றுவிடும். முப்பரிமாணத்தைத் தட்டையாக்கும் வேலையைக் கேமராவே முடித்துவிட்டதால், நாம் அதைப் பழகவே இல்லை. அதற்காக, படத்தைப் பார்த்து வரைவதே தப்பு என்று சிலர் சொல்வதையும் நான் ஏற்கமாட்டேன். வான்கோ 1880-ல், 27 வயதில், ஓவியராவது என்று முடிவெடுத்த பிறகு பிரெஞ்சு ஓவியர் சார்ல் பார்க் தயாரித்த பயிற்சித் தாள்களைத் திரும்பத் திரும்பப் பார்த்து வரைந்தவர்தான். கூடவே பெல்ஜியத்தின் சுரங்கத் தொழிலாளர்களையும் வரைந்தார். ஒரு நாள் படத்தைப் பார்த்து, மறுநாள் எதிரில் இருப்பதைப் பார்த்து என்று மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளலாம்.

கோட்டைத் துண்டு துண்டாக, பயந்து பயந்து தடவுவது இன்னொன்று. மணிக்கட்டை மட்டும் அசைத்தால் நீளக் கோடு வராது. முழங்கையும் தோளும் சேர்ந்து நகர வேண்டும். தப்பான கோட்டை உடனே அழிக்காமல், அதன் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். எவ்வளவு தள்ளிப் போட்டோம் என்பது அப்போதுதான் தெரியும். அழித்துவிட்டால் மறுபடியும் அதே இடத்தில்தான் கை போய் நிற்கும். (நிழலை விரலால் தேய்ப்பதையும் கொஞ்ச நாள் நிறுத்தி வையுங்கள். விரலில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டி, தாள் திட்டுத் திட்டாகிவிடும்.)

சாமான் விஷயத்தில் சொல்ல அதிகம் இல்லை. ஒரு ஹெச்பி பென்சில், அதைவிடக் கறுப்பாக விழும் ஒரு 4பி பென்சில், ஜெராக்ஸ் தாள் கட்டு. விலை உயர்ந்த புத்தகத்தில் முதல் பக்கத்தைக் கெடுக்க யாருக்கும் மனசு வராது. வரைவது எப்படி என்று வீடியோ பார்க்கும் நேரத்தையும் வரைந்த நேரத்தில் சேர்க்காதீர்கள்.

பிடிக்காத பக்கத்தைக் கிழிக்காமல் மூலையில் தேதி போட்டு வையுங்கள். டம்ளரின் அடி எந்த வாரத்தில் வளையத் தொடங்கியது என்று பார்க்க அந்தத் தேதி வேண்டும்.