ஓடா, ஷீட்டா? எங்கள் கூரையில் செய்தது

நாகர்கோவில் பக்கம் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. எங்கள் ஓட்டு வீடு ஒழுகத் தொடங்கியதும், "பிரிச்சுட்டு மெட்டல் ஷீட் போடுங்க" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஷீட் எடை குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். சரி, ஆனால் சீலிங் இல்லாத அறையில் மதிய வெயில் அப்படியே இறங்கும். மழையில் பேச்சே கேட்காது.

ஏறிப் பார்த்தால் பெரும்பாலான ஓடுகள் நன்றாகத்தான் இருந்தன. மங்களூர் ஓட்டின் பக்கவாட்டில், ஒன்றோடொன்று மாட்டுவதற்கு ஒரு காடி (நீளப் பள்ளம்) இருக்கும். அதில் பாசியும் தென்னம்பூவும் அடைத்து, தண்ணீர் வழிய இடமில்லாமல் உள்ளே இறங்கியிருக்கிறது. கம்பி பிரஷ்ஷால் சுரண்டிக் கழுவினோம். ஓடுகளைத் தாங்கும் மரச் சட்டங்களான ரீப்பர்களில் உளுத்தவற்றையும் விரிசல் ஓடுகளையும் மாற்றி, முகட்டு ஓட்டுக்குப் புதுக் கலவை பூசினோம். ஒழுகல் நின்றது.

பின்பக்கச் சமையலறைச் சாய்ப்புக்கு மட்டும் ஷீட். அங்கே சரிவு குறைவு. ஓடு போட்டால் காற்றோடு அடிக்கும் மழை அடியில் ஏறிவிடும். 0.5 மி.மீ. கலர் ஷீட், ரப்பர் வாஷர் வைத்த ஸ்க்ரூ. ஸ்க்ரூவை ஷீட்டின் மேட்டில்தான் இறக்கச் சொன்னேன். பள்ளத்தில் தண்ணீர் ஓடும். வாஷர் கெட்டால் முதலில் அங்கேதான் ஒழுகும். அதிகமாக முறுக்கவும் கூடாது, ரப்பர் பிதுங்கிவிடும்.