ஜெர்மனிக்கு புதுசா வாற குமரி மாவட்டத்துக்காரங்க வீட்டு வைஃபைய பத்தி தெரிஞ்சுக்க வேண்டியது

மார்த்தாண்டம், கருங்கல், நாரோயில் பக்கமிருந்து படிக்கவும் நர்ஸ் வேலைக்கும் நம்ம பிள்ளைய நெறய வாறாங்க. அன்மெல்டுங் (வீட்டு விலாசத்த ஆபீசுல பதியுறது), பேங்க், இன்சூரன்ஸ் எல்லாம் சீனியர் யாராவது கூட வந்து முடிச்சு தருவாங்க, அத விடுங்க. நெட் கனெக்சன் பெரும்பாலும் 24 மாச காண்ட்ராக்ட், அது முடிஞ்சா ஒரு மாச நோட்டீஸ்ல நிப்பாட்டலாம். கம்பெனி குடுக்க ரூட்டரதான் வைக்கணும்னு இல்ல, 2016 ஆகஸ்ட்ல இருந்து சொந்தமா வாங்கியும் போடலாம்.

இனிதான் முக்கியமான விசயம். கருங்கல் பக்கத்து பையன் ஒருத்தன், நல்லா படிக்கவன், ஷேர் பிளாட்ல அவன் பேருலதான் கனெக்சன். ரூம்மேட்டோட கூட்டுக்காரன் ரெண்டு நாள் தங்க வந்தான், பாஸ்வேர்டு கேட்டான், குடுத்துட்டான். வந்தவன் ஊருல செய்யுற மாதிரியே புதுப்படத்த டொரண்ட்ல போட்டுட்டு தூங்கிட்டான். கொஞ்ச நாள் கழிச்சு வக்கீல் கடிதாசி வருது, அப்மானுங்னு சொல்லுவாங்க, நூத்துக்கணக்குல யூரோ கட்டு, இனிமே இப்படி நடக்காதுன்னு உறுதி குடுக்குற இந்த பேப்பருல கையெழுத்து போடுன்னு. படத்த இறக்கினவன் வேற ஊருக்கு போயாச்சு, மாட்டினது இவன். எனக்கு இப்பவும் நெனச்சா ஆத்திரமா வருது.

டொரண்ட்ல படம் இறங்கும்போதே நம்ம கம்ப்யூட்டர் அத மத்தவங்களுக்கு ஏத்தியும் விடும், அதான் இங்க பெரிய குத்தம். அதுல நம்ம ஐபி, அதாவது நெட்டுல நம்ம கனெக்சனோட நம்பர், எல்லாருக்கும் தெரியும், அத வச்சு கோர்ட்டு மூலமா யாரு பேருல கனெக்சன்னு கண்டுபிடிச்சிருவாங்க. ரூட்டருக்கு பின்னால பத்து போன் இருந்தாலும் வெளிய தெரியுறது பெரும்பாலும் ஒரே ஐபிதான். நான் செய்யலன்னா வேற யாரெல்லாம் நெட் பயன்படுத்தினாங்கன்னு நாமதான் சொல்லணும்.

அதனால ரூட்டர் மாட்டின அன்னைக்கே கெஸ்ட் நெட்வொர்க், அதாவது வாறவங்களுக்குன்னு தனி வைஃபை, ஆன் பண்ணுங்க. இங்க நெறய வீட்டுல ஃபிரிட்ஸ்பாக்ஸ்ங்குற ரூட்டர்தான், பிரவுசர்ல ஃபிரிட்ஸ் டாட் பாக்ஸ்னு (fritz.box) அடிச்சா செட்டிங்ஸ் வரும், கெஸ்ட் நெட்வொர்க்குக்கு ஜெர்மன்ல காஸ்ட்சூகாங்னு இருக்கும். அதுலயே வெப்சைட்டும் மெயிலும் மட்டும் போதும்னு ஒரு டிக் உண்டு, அத போட்டா டொரண்ட் பெரும்பாலும் நின்னுரும். கெஸ்ட்ல இருக்கவனுக்கு உங்க லேப்டாப்பு, பிரிண்டர் ஒண்ணும் தெரியாது, அந்த பாஸ்வேர்ட மட்டும் தனியா மாத்திக்கலாம். யூபிஎன்பிங்குற ரூட்டர் வசதி ஆன்ல இருந்தா ஆப்பு தானாவே போர்ட்ட, அதாவது வெளிய இருந்து உள்ள வாற வழிய, தொறந்துக்கும், தேவையில்லன்னா ஆஃப் பண்ணுங்க. ரூட்டருக்குள்ள போற பாஸ்வேர்டு வேற, வைஃபை பாஸ்வேர்டு வேற, ரெண்டையும் ஒண்ணா வைக்காதீங்க.

ஊருல கேபிள்காரர் வந்து மாட்டிட்டு பாஸ்வேர்ட செவருல எழுதிட்டு போவாரு, 2020ல கொரோனா நேரம் எங்க வீட்டு வைஃபையிலதான் பக்கத்து வீட்டு பிள்ளைய வாசல் திண்ணையில இருந்து ஆன்லைன் கிளாஸ் படிச்சுது, அம்மை சாயாவும் போட்டு குடுப்பா. அந்த மனசு நம்ம ஊரு மனசு, அத விடாண்டாம். வாறவங்களுக்கு நெட் குடுங்க, கெஸ்ட்ல குடுங்க.

கடிதாசி ஏற்கனவே வந்தவங்க அத தூக்கி போடாதீங்க, தேதி கெடு இருக்கும். பயந்து உடனே கையெழுத்தும் போடாதீங்க, அது ரொம்ப காலம் உங்கள கட்டிப்போடும். ஃபெர்பிராவுகர்சென்ட்ராலேங்குற நுகர்வோர் ஆலோசனை மையத்துல கேளுங்க, படிக்கவங்களுக்கு பல யூனிவர்சிட்டில ஆஸ்டாங்குற மாணவர் அமைப்பு மூலமா சட்ட ஆலோசனை காசில்லாம கெடைக்கும், கடிதாசி வந்த கவரையும் கையோட கொண்டு போங்க மக்கா.