நாட்செஸ் போகிறீர்களா? மாளிகையில் ஆரம்பிக்காதீர்கள்

அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருக்கும் நாட்செஸ் ஊருக்கு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் காரை நிறுத்தியதும் நேராக ஏதாவது ஒரு வெள்ளைத்தூண் மாளிகைக்குள் நுழைவார்கள், சரவிளக்கையும் சுழல் படிக்கட்டையும் பார்ப்பார்கள், சாயங்காலம் ஆற்றோரம் நின்று ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். தப்பில்லை, மாளிகைகள் அழகுதான். ஆனால் அவ்வளவு அழகுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்பது கடைசி வரை பிடிபடாது. பார்க்கும் வரிசையை மட்டும் மாற்றிப் போடுங்கள், அதே வீடுகள் வேறு மாதிரி தெரியும். அந்த வரிசையைத்தான் சொல்லப்போகிறேன், கூடவே கார், தங்குமிடம், சாப்பாடு எல்லாம்.

முதலில் கார். ஊருக்குப் பயணிகள் ரயிலும் இல்லை, வழக்கமான விமான சேவையும் இல்லை. ஜாக்சனில் இறங்கினால் சுமார் இரண்டு மணி நேரம், பேட்டன் ரூஜில் இருந்து அதைவிடக் கொஞ்சம் குறைவு, நியூ ஆர்லியன்ஸில் இருந்து மூன்று மணி நேரம் ஓட்ட வேண்டும். ஊருக்குள் போன பிறகு ஆப்பில் டாக்ஸி கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நம்பி வராதீர்கள். டவுன்டவுனை நடந்தே சுற்றிவிடலாம், ஆனால் பார்க்க வேண்டிய பாதி இடங்கள் அதற்கு வெளியேதான் இருக்கின்றன.

எப்போது போவது? மார்ச், ஏப்ரலில் அசேலியா பூத்திருக்கும், ஸ்பிரிங் பில்கிரிமேஜும் நடக்கும். 1932-ல், பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலத்தில், ஊர்ப் பெண்களின் தோட்டக் கழகம் பழைய வீடுகளைத் திறந்து கட்டணம் வாங்கிக்கொண்டு காட்ட ஆரம்பித்தது, இன்று வரை தொடர்கிறது. இன்னமும் ஆட்கள் குடியிருக்கும் சில வீடுகளை அந்தச் சில வாரங்களில்தான் உள்ளே போய்ப் பார்க்க முடியும். அதற்கு ஏற்ற மாதிரி அறை வாடகையும் ஏறும், முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் ஆற்றைத் தாண்டி லூசியானா பக்கம் விடாலியாவில்தான் தங்க வேண்டி வரும் (பாலம் ஏறினால் சில நிமிடம்தான், அதுவும் மோசமில்லை). வீடுகளின் எண்ணிக்கை முக்கியமில்லை என்றால் நான் அக்டோபர் கடைசி, நவம்பரைத்தான் சொல்வேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலை விடப் புழுக்கம்தான் ஆளை அடிக்கும், அந்த மாதங்களில் போனால் வெளியே பார்க்க வேண்டியதைப் பத்து மணிக்குள் முடித்துவிடுங்கள், கொசு மருந்தையும் மறக்க வேண்டாம்.

சரி, முதல் நாள் காலை. நாட்செஸ் பூர்வகுடிகளின் பெரிய கிராமம் இருந்த இடத்தில் ஆரம்பியுங்கள். ஊருக்குப் பெயர் கொடுத்தவர்களே அவர்கள்தான். மாநில ஆவணக் காப்பக, வரலாற்றுத் துறை பார்த்துக்கொள்ளும் இடம், அனுமதி இலவசம். புல் மூடிய மண்மேடுகள், ஒரு சின்ன அருங்காட்சியகம், நடைபாதை, அவ்வளவுதான். ஒரு மேட்டின் மேல் கோயில் இருந்தது, இன்னொன்றின் மேல் ‘பெரிய சூரியன்’ என்று அழைக்கப்பட்ட தலைவரின் வீடு. பிரெஞ்சுக்காரர்கள் 1716-ல் வந்து ரோசாலி கோட்டையைக் கட்டினார்கள், நியூ ஆர்லியன்ஸ் ஊரே அதற்கு இரண்டு வருடம் கழித்துத்தான் வந்தது. நிலத்தை மேலும் மேலும் கேட்டு நெருக்கியதில் 1729-ல் நாட்செஸ் மக்கள் எழுந்து கோட்டையைத் தாக்கி 200-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். அடுத்த இரண்டு வருடத்துக்குள் பிரெஞ்சுப் படை அவர்களை இந்த மண்ணை விட்டே துரத்திவிட்டது, பிடிபட்டவர்களைக் கரீபியத் தீவுகளுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். ஒரு மணி நேரம் போதும் இங்கே.

அங்கிருந்து ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு. டவுன்டவுனுக்குக் கிழக்கே ஒரு மைல் தூரத்தில், லிபர்ட்டி ரோடும் செயின்ட் கேத்தரின் தெருவும் சேரும் முக்கில் இருக்கிறது. பெரிதாக எதையோ எதிர்பார்த்துப் போனால் காரை நிறுத்தாமல் தாண்டிப் போய்விடுவீர்கள், ஏனென்றால் ஒரு புல்வெளியும் தகவல் பலகைகளும்தான், சுற்றிலும் சாதாரணக் கடைகள், வீடுகள். ஆனால் அமெரிக்காவின் ஆழ்தெற்குப் பகுதியில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடியான பெரிய அடிமைச் சந்தை இதுதான். வர்ஜீனியா, மேரிலாந்து பக்கத்தில் இருந்து சங்கிலி போட்டு நடத்தியும் கப்பலில் ஏற்றியும் கொண்டுவந்து விற்றார்கள். ஊருக்குள்ளேயே நடந்த வியாபாரம், 1833-ல் காலரா பயம் வந்ததும் நகர எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டது, இந்த முக்கு அப்போது எல்லையை ஒட்டி இருந்ததால் சந்தை இங்கே நிலைத்தது. ஏலம் போடுவதில்லை. வாங்க வருகிறவர் வரிசையில் நிற்பவர்களைப் பார்த்து, விசாரித்து, தனித்தனியாகப் பேரம் பேசி வாங்குவார். அதே இடத்தில் 1863-ல், உள்நாட்டுப் போரின்போது, வடக்கு மாநிலங்களின் யூனியன் படை வந்தபோது கருப்பினத்தவர் பலர் அந்தப் படையிலேயே சேர்ந்தார்கள்.

தரையைப் பார்த்து நடங்கள். கான்கிரீட்டுக்குள் நிஜ இரும்புச் சங்கிலிகளையும் விலங்குகளையும் பதித்து வைத்திருக்கிறார்கள், பாதி உள்ளே பாதி வெளியே. பலகைகளைக் கடைசி வரை படியுங்கள், முப்பது நாற்பது நிமிடம் ஆகும். பிள்ளைகளோடு போகிறவர்கள் வண்டியிலேயே கொஞ்சம் சொல்லிக் கூட்டிப் போவது நல்லது, அங்கே போய் ஆரம்பித்தால் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடியாது.

செயின்ட் கேத்தரின் தெரு வழியாகவே டவுன்டவுனுக்குத் திரும்புங்கள், வழியில்தான் ரிதம் நைட் கிளப் இருந்த இடம். 1940 ஏப்ரல் 23 இரவு, அலங்காரத்துக்குத் தொங்கவிட்டிருந்த ‘ஸ்பானிஷ் மாஸ்’ என்ற காய்ந்த கொடியில் தீப்பிடித்து, ஜன்னல்களைப் பலகை அடித்து மூடியிருந்ததால் வெளியேற முடியாமல் 209 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மதியம் ஸ்டேட் தெருவில் வில்லியம் ஜான்சன் வீடு. தேசியப் பூங்காத் துறை நடத்துகிறது, இதுவும் இலவசம். என்னைக் கேட்டால் ஊரிலேயே அதிக சுவாரசியமான வீடு இதுதான், இத்தனைக்கும் தூண் எதுவும் கிடையாது. ஜான்சன் அடிமையாகப் பிறந்தவர், 11 வயதில் விடுதலை கிடைத்தது, முடிதிருத்தும் தொழில் கற்றுக் கடைகள் வைத்து வசதியானவர். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார்: யார் கடன் பாக்கி, எந்தக் குதிரை ஜெயித்தது, தெருவில் யாருக்கும் யாருக்கும் அடிதடி என்று ஊர் வம்பு முழுக்க அதில் இருக்கிறது. அவரே அடிமைகளை வைத்திருந்தார் என்பதும் இருக்கிறது. அதைப் படிக்கும்போது ஒரு மாதிரி ஆகிவிடும், ஆனால் அங்கே மறைக்காமல் சொல்கிறார்கள். நில எல்லைத் தகராறில் 1851-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். பார்த்த சாட்சிகள் கருப்பினத்தவர்கள், வெள்ளையருக்கு எதிராக அவர்கள் சாட்சி சொல்லச் சட்டம் அனுமதிக்கவில்லை. கொன்றவன், தான் வெள்ளையன்தான் என்று வாதாடித் தப்பித்துவிட்டான்.

இதெல்லாம் முடித்துவிட்டு இரண்டாம் நாள் மாளிகைக்குப் போங்கள்.

நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் லாங்வுட். எண்கோண வடிவம், மேலே வெங்காயம் போல ஒரு குவிமாடம். ஹாலர் நட் என்ற பருத்தி முதலாளி 1860-ல் ஆரம்பித்தார், பிலடெல்பியா கட்டடக் கலைஞர் சாமுவேல் ஸ்லோன் வரைந்த திட்டம். 1861-ல் உள்நாட்டுப் போர் வந்ததும் வடக்கில் இருந்து வந்த தச்சர்களும் கொத்தனார்களும் கருவிகளைப் போட்டது போட்டபடி ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். திட்டத்தில் 32 அறைகள், முடிந்தது அடித்தளத்தில் 9 அறைகள், அவற்றையும் முடித்தது அடிமைகளின் உழைப்பு. நட் 1864-ல் இறந்தார், குடும்பம் அந்த அடித்தளத்திலேயே வாழ்ந்தது. கீழே ஒழுங்கான அறைகளைக் காட்டிவிட்டுப் பிறகு மாடிக்குக் கூட்டிப் போவார்கள். அங்கே நடுவில் நின்று அண்ணாந்து பாருங்கள்: பூசாத செங்கல், மூடாத மர உத்தரங்கள், கதவில்லாத வாசல்கள், ஓரத்தில் அந்தக் காலத்துப் பெட்டிகளும் பெயின்ட் டப்பாக்களும். பளபளப்பு எதுவும் மறைக்காததால், இந்த மாதிரி வீட்டை எப்படிக் கட்டினார்கள் என்று இங்கே மட்டும்தான் கண்ணால் பார்க்க முடியும்.

இரண்டாவது மெல்ரோஸ், தேசியப் பூங்காவைச் சேர்ந்தது. வளாகத்தைச் சுற்றிப் பார்க்கக் காசில்லை, வீட்டுக்குள் போகத்தான் சுற்றுலாவுக்குப் பதிவு. சாப்பாட்டு அறையில் மேஜைக்கு மேலே கயிறு கட்டி இழுக்கும் பெரிய மர விசிறி, அதாவது பங்கா, ஒன்று தொங்குகிறது, நம் ஊரில் துரைமார் காலத்து நீதிமன்றங்களில் இருந்ததே, அதேதான். இங்கே கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது அடிமைப் பிள்ளைகள். அப்புறம் பின்பக்கம் போய் அடிமைகள் குடியிருந்த கட்டடங்களையும் பாருங்கள், அவை இன்னும் நிற்கின்றன. முந்தின நாள் ஃபோர்க்ஸ் ஆஃப் தி ரோடு பார்த்திருந்தால் அந்தக் கயிறு கண்ணில் தைக்கும், பார்க்காவிட்டால் பங்கா ஒரு அலங்காரப் பொருளாகத்தான் தெரியும். வழிகாட்டிகள் எல்லாரும் ஒரே மாதிரி இல்லை, சிலர் பீங்கானையும் திரைச்சீலையையும் மட்டுமே பேசி முடித்துவிடுவார்கள். தயங்காமல் கேளுங்கள்: சமைத்தது யார், எங்கே தூங்கினார்கள், பெயர் தெரியுமா? கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள்.

இன்னும் தெம்பிருந்தால் ஸ்டான்டன் ஹால், ரோசாலி என்று போகலாம். மூன்றாவதற்கு மேல் எல்லாம் ஒன்றாகக் குழம்பிவிடும், காசும் வீண். பெரிய ஆற்றுக் கப்பல்கள் கரை சேரும் நாட்களில் பேருந்து பேருந்தாகக் கூட்டம் வந்து இறங்கும், அன்றைக்கு முதல் சுற்றுக்கே போய்விடுங்கள்.

சாயங்காலம் இரண்டு நாளும் பிளஃப் பூங்காதான். ஆறு சுமார் 200 அடி கீழே ஓடுகிறது, சூரியன் எதிர்க்கரையில் லூசியானாவின் தட்டையான நிலத்துக்குப் பின்னால் இறங்குகிறது. முதலாளிகள் கொசுவுக்கும் வெள்ளத்துக்கும் எட்டாமல் மேட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள், அவர்களுடைய பருத்திக் காடுகளில் பெரும்பகுதி நீங்கள் பார்க்கும் அந்தத் தட்டை நிலத்தில்தான் இருந்தது. உள்நாட்டுப் போரில் வீடுகள் தப்பித்ததற்கும் காரணம் உண்டு, 1862-ல் ஊர் சண்டை போடாமல் சரணடைந்துவிட்டது. வடக்கே விக்ஸ்பர்க் அடுத்த வருடம் 47 நாள் முற்றுகையில் குண்டடி பட்டது. பூங்காவில் இருந்து சில்வர் தெரு வழியாகச் சரிவில் இறங்கினால் ‘அண்டர் தி ஹில்’, ஒரு காலத்தில் சூதுக்கும் சண்டைக்கும் பேர்போன படகுத்துறை, இன்று ஓரிரு சாப்பாட்டுக் கடையும் மதுக்கடையும்தான். செருப்பு வழுக்காததாக இருக்கட்டும்.

சாப்பாட்டுக்கு டமாலி கேளுங்கள், சோளமாவில் இறைச்சி வைத்து மக்காச்சோள மடலில் சுற்றி வேகவைத்தது, மிசிசிப்பி பக்கத்தில் காரமாகவே செய்வார்கள். காலையில் பிஸ்கட், நாம் டீயில் நனைக்கும் பிஸ்கட் இல்லை, சூடான மெத்து மெத்தென்ற ரொட்டி. சைவக்காரர்கள் உஷாராக இருக்க வேண்டும்: கீரையா, பீன்ஸா, பார்க்கச் சைவமாக இருக்கும், உள்ளே பன்றி இறைச்சித் துண்டோ கொழுப்போ போட்டுத்தான் வேகவைத்திருப்பார்கள். ‘இறைச்சி இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்று வந்துவிடும், ‘எதில் வேகவைத்தீர்கள்’ என்று கேளுங்கள். டிப்ஸ் 15 முதல் 20 சதவீதம்.

மூன்றாம் நாள் இருந்தால் நாட்செஸ் ட்ரேஸ் பார்க்வே. 444 மைல் நீளச் சாலை, நாஷ்வில் பக்கம் வரை போகிறது, லாரிகளுக்கு அனுமதி இல்லை, கட்டணமும் இல்லை. 10-வது மைல் தாண்டியதும் எமரால்டு மேடு, எட்டு ஏக்கர் பரப்பில் மனிதர்கள் மண் கொட்டி எழுப்பியது, மேலே ஏறி நடக்கலாம். 41-வது மைல் பக்கத்தில் ‘சங்கன் ட்ரேஸ்’. கெண்டக்கி பக்கத்துப் படகுக்காரர்கள் சரக்கோடு ஆற்றில் இறங்கி வந்து, சரக்கை விற்று, படகையே மரத்துக்கு விற்றுவிட்டு, ஊருக்கு நடந்தே திரும்பின பாதை. மென்மையான மண், கால் பட்டுப் பட்டு ஆள் உயரத்துக்கு மேல் பள்ளமாகிவிட்டது, உள்ளே இறங்கி நடக்க சில நிமிடம்தான் ஆகும். வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 50 மைல், சாலை காலியாக இருக்கிறதே என்று மிதிக்காதீர்கள், ரேஞ்சர்கள் பிடிப்பார்கள், மான்களும் குறுக்கே வரும். சில பகுதிகளைப் பழுது பார்க்க மூடி வைப்பதும் உண்டு, கிளம்பும் முன் பூங்காத் துறைத் தளத்தில் பார்த்துவிடுங்கள். பார்க்வேயில் பெட்ரோல் பங்க் ஒன்றுகூடக் கிடையாது, ஊரிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள், தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள்.