கிங்க் அமர்வுக்கு முன் ஆபத்தை எடைபோடுவது எப்படி

கயிறு, அடி, மெழுகு, கட்டளை என எதை மையமாக வைத்து வயதுவந்த இருவர் ஒரு கிங்க் அமர்வை (சம்மதத்தோடு நடக்கும், வழக்கத்துக்கு மாறான பாலியல் விளையாட்டை) திட்டமிட்டாலும், முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டு கேள்விகள்: எது தவறக்கூடும், தவறினால் அதைச் சரிசெய்ய முடியுமா? பலர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கு இரண்டாவதே பெரிது. தோல் கன்றிப்போவது அடிக்கடி நடப்பதுதான், ஆனால் சில நாட்களில் அது மறைந்துவிடும். கழுத்தை நெரிப்பதில் விபரீதம் அரிது என்று தோன்றலாம். நேர்ந்துவிட்டால் போன உயிர் திரும்பாது. கழுத்தின் இருபுறமும் உள்ள கரோடிட் தமனிகள் அழுந்தினால் ஏறக்குறைய 10 விநாடிகளிலேயே நினைவு தப்பக்கூடும். தமனியின் உட்சுவர் கிழிந்திருந்தால், நன்றாக இருப்பதாகத் தெரிந்தவருக்குச் சில நாட்கள் கழித்துப் பக்கவாதம் வரலாம். இதற்குப் பாதுகாப்பான முறை எதுவும் இல்லை. எவ்வளவு அனுபவசாலி அழைத்தாலும் இதைத் திட்டத்திலிருந்து நீக்கிவிடுங்கள்.

1980களில் அமெரிக்காவில் ‘பாதுகாப்பு, தெளிந்த மனம், சம்மதம்’ என்ற கொள்கை பரவியது. ஆபத்து அறவே இல்லாத செயல் எதுவுமில்லை என்று கண்டவர்கள், பின்னர் ‘ஆபத்தை அறிந்த சம்மதம்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். அறிந்த சம்மதம் வேண்டுமென்றால், அறிய வேண்டியவற்றை முன்கூட்டியே பேசியாக வேண்டும்: ஆஸ்துமா, வலிப்பு, நீரிழிவு, மூட்டு வலி, இரத்தம் உறையாமலிருக்க உட்கொள்ளும் மாத்திரைகள், மனத்தில் ஆறாத பழைய காயங்கள். இந்தப் பேச்சு ஆசை மேலோங்கிய நேரத்தில் நடக்கக் கூடாது. மது அருந்தியிருந்தால் அமர்வையே ஒத்திவையுங்கள். பேசி முடிவான எல்லைக்கு அப்பால் நடுவில் புதிதாக எதையும் சேர்க்காதீர்கள், ஏனெனில் அந்நேரத்தில் கிடைக்கும் ‘சரி’ நிதானத்தோடு சொன்னதாக இருக்காது.

கயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கை நீலமாகிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது, ஏனெனில் நிறம் மாறாமலேயே நரம்பு பாதிக்கப்படலாம். மேல்கையின் வெளிப்புறத்தில் ரேடியல் நரம்பு எலும்பை ஒட்டி ஓடுவதால், அங்கே கயிறு இறுகினால் மணிக்கட்டு தொங்கிப்போய், தேற வாரங்களோ மாதங்களோ ஆகலாம். சில நிமிடங்களுக்கு ஒருமுறை, மணிக்கட்டைப் பின்புறமாக உயர்த்தவும் விரல்களை விரிக்கவும் சொல்லிப் பாருங்கள். மரத்துப்போதல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, வலுவின்மை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் உடனே அவிழ்த்துவிடுங்கள். முனை மழுங்கிய கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கட்டப்பட்டவரை ஒருபோதும் தனியே விடாதீர்கள். கட்டியவரே மயங்கி விழுந்தால் யார் அவிழ்ப்பது என்ற கேள்விக்கும் விடை தேடி வையுங்கள். பலர் இதை யோசிப்பதே இல்லை.

அடி என்றால் தசை மிகுந்த பிட்டமும் தொடையும் ஓரளவு தாங்கும். சிறுநீரகங்கள் உள்ள இடுப்பின் மேற்புறம், முதுகெலும்பு, கழுத்து, மூட்டுகள் விலக்கப்பட வேண்டியவை. தேன்மெழுகு அதிக வெப்பத்தில் உருகுவதால் அதைத் தவிர்த்து, எந்த மெழுகையும் முதலில் உங்கள் கையிலேயே ஒரு துளி விட்டுப் பாருங்கள். சுட்டுவிட்டால் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் காட்டுங்கள், பனிக்கட்டி வைக்காதீர்கள்.

நிறுத்துவதற்கான சொல்லை முன்பே முடிவுசெய்யுங்கள். ‘சிவப்பு’ என்றால் முழு நிறுத்தம், ‘மஞ்சள்’ என்றால் வேகம் குறைத்து விசாரிக்க வேண்டும். வாய் மூடியிருந்தால், கையில் பிடித்திருக்கும் சாவிக்கொத்தைக் கீழே போடுவதே சைகையாகட்டும். பதிலே வராத மௌனத்தையும் சிவப்பாகவே கொள்ளுங்கள். உறைந்துபோனவரால் சொல்லையும் உச்சரிக்க முடியாது. முதன்முறை சந்திப்பவர் என்றால், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்பது நம்பகமான ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைக்கு உங்களைக் கட்டிப்போடச் சம்மதிக்காமல் இருப்பது நல்லது.

முடிந்ததும் தண்ணீர், போர்வை, அருகில் ஒருவர் என்று சற்று நேரம் இருங்கள். மனச்சோர்வு ஓரிரு நாட்கள் கழித்தும் வரக்கூடுமென்பதால், மறுநாளும் அதற்கடுத்த நாளும் விசாரித்துக்கொள்வதையும் திட்டத்திலேயே எழுதிவையுங்கள். மரப்பு நீங்காமலிருந்தாலோ, குரல் மாறினாலோ, விழுங்குவது கடினமானாலோ, கடும் தலைவலி வந்தாலோ மருத்துவமனைக்குச் செல்லுங்கள். எங்கே, எவ்வளவு நேரம் அழுத்தம் விழுந்தது என்பதை வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.