ஹாஃப் ஒயிட்டை டிசைனில் எப்படிப் பயன்படுத்துவது?

ஜவுளிக்கடையில் ‘ஹாஃப் ஒயிட்’ என்று கேட்டுப் பாருங்கள், நான்கு துணியை எடுத்துப் போடுவார்கள், நான்கும் நான்கு நிறம். திரையிலும் அதே கதைதான். அதனால் பெயரை நம்பாமல் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள். இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சி.எஸ்.எஸ்-ஸில் ஐவரி என்பது 255, 255, 240. லினென் 250, 240, 230. வரிசை சிவப்பு, பச்சை, நீலம், ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. ஐவரியில் சிவப்பும் பச்சையும் சமம், நீலம் மட்டும் குறைவு, அதனால் லேசாக எலுமிச்சை தட்டும். லினெனில் பச்சையும் இறங்கியிருப்பதால் சந்தனம் பக்கம் சாயும். நான் பெரும்பாலும் லினெனில்தான் தொடங்குவேன்.

பின்னணியை வெள்ளையிலிருந்து ஹாஃப் ஒயிட்டுக்கு மாற்றியதும் முதலில் பல்லிளிப்பது லோகோ. வாடிக்கையாளர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஜேபெக், அதுவரை வெள்ளையில் ஒளிந்திருந்த அதன் சதுரப் பெட்டி, சந்தனத் தரையில் ஒட்டுப்போட்ட மாதிரி தெரியும். பின்னணி நீக்கிய பிஎன்ஜி ஃபைல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் பிளெண்ட் மோடில், அதாவது ஒரு லேயர் கீழுள்ள நிறத்தோடு கலக்கும் விதத்தில், மல்டிப்ளை வைத்தால் வெள்ளை மறைந்துவிடும், லோகோவின் நிறம் கொஞ்சம் சூடேறும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அடுத்தது எழுத்து. இங்கேதான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். 118, 118, 118 என்ற சாம்பல் தூய வெள்ளையில் 4.54 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம்) தரும், சாதாரண அளவு எழுத்துக்கு டபிள்யூ.சி.ஏ.ஜி. என்ற இணைய அணுகல் வழிகாட்டி கேட்கும் 4.5-ஐ நூலிழையில் தாண்டிவிடும். அதே சாம்பலை லினெனில் வையுங்கள், ஏறக்குறைய 4.0-க்கு இறங்கிவிடும். ஃபெயில். அதோடு நடுநிலைச் சாம்பல் இந்தத் தரையில் நீலம் பூசியது போலத் தெரியும், கண்ணின் குணம் அப்படி. எழுத்தைக் காப்பிக்கொட்டைப் பழுப்புக்குக் கொண்டுபோங்கள், உதாரணத்துக்கு 58, 46, 39. கான்ட்ராஸ்ட் 11-க்கு மேல் வரும், கறுப்பின் முரட்டுத்தனமும் இருக்காது.

துணை நிறம் ஒன்று போதும். அரக்கு, பாட்டில் கிரீன், மயில் நீலம், எதுவானாலும் சரி, ஆழமாக இருக்கட்டும். பளிச்சென்ற நியான் பக்கத்தில் வந்தால் ஹாஃப் ஒயிட் துவைக்காத வெள்ளை போல ஆகிவிடும், பாவம்.

தூய வெள்ளையை முழுக்க ஒதுக்க வேண்டாம். விலை இருக்கும் கார்டு, படிவத்தின் கட்டம், இப்படி ஒரே வேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கண்ட இடத்தில் தெளித்தால் எது வேண்டுமென்று போட்டது, எது மறந்து விட்டது என்றே தெரியாது.

அப்புறம், மலிவான போன் ஒன்றில் நைட் லைட்டை, அதாவது திரையின் நீல ஒளியைக் குறைக்கும் வசதியை, போட்டு ஒரு தடவை பாருங்கள். மஞ்சள் பல்ப் மாதிரி தெரிந்தால் நீலத்தை நாலைந்து எண் ஏற்றுங்கள்.

அச்சுக்குப் போவதென்றால் இந்த நிறத்தை மையில் கொண்டுவர முயலாதீர்கள். அவ்வளவு வெளிர் நிறம் புள்ளி புள்ளியாகத்தான் விழும், தாளுக்குத் தாள் மாறவும் செய்யும். க்ரீம் தாளாகவே வாங்கிவிடுங்கள், டிசைனில் பின்னணி நிறம் இருக்கும் லேயரை அணைத்துவிட்டுத்தான் ஃபைலை அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.