முழு உளுந்தைப் பங்குனியில் வாங்குங்கள்
காவிரிப் படுகையில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்குப் பின் விளையும் உளுந்தும் பச்சைப்பயறும் பங்குனி, சித்திரையில் களத்துக்கு வரும்போது, சில மாதத் தேவைக்கு உடைக்காத முழுப் பயறாகவே விளைவித்தவரிடம் வாங்கிவிடுங்கள். ஆலைக் கூலியும் இடைத்தரகும் சேராததால் செலவு குறைகிறது. தோலின் நார்ச்சத்தும் வீணாவதில்லை. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் புரதக்கூறு பயறில் மிகுதி என்பதால், உளுந்தங்கஞ்சியோ பயறுச் சுண்டலோ சோற்றையே பெரிதும் நம்பும் குழந்தைகளின் புரதக் குறையை ஈடுசெய்யும் என்பதே எனக்கு முதன்மையான காரணம். வண்டு விழாதிருக்க, கடித்தால் நறுக்கென்று உடையும்வரை வெயிலில் காயவைத்து, ஆறிய பின் காற்றுப்புகாத டப்பாவில் அடைக்க வேண்டும்.

அறுவடை நேரத்து மழையில் நனைந்த பயறுக்கு இது பொருந்தாது. ரேஷனில் கிலோ 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பு கிடைத்தால், முதலில் அதையே வாங்க வேண்டும்.