எல்டிஸ்பைஸ்: டிரான்சிஸ்டருக்கு ஒரு ஸ்டெப் சிக்னல் கொடுத்துப் பார்ப்போம்

டிரான்சிஸ்டருக்கு பேஸ், கலெக்டர், எமிட்டர் என்று மூன்று கால்கள். அதை சுவிட்சாகப் பயன்படுத்த, பேஸ் மின்னோட்டத்தையும் கலெக்டர் மின்னோட்டத்தையும் கணக்கிட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். அந்தக் கணக்கில் நேரம் வருவதே இல்லை. ஆன் ஆக எவ்வளவு நேரம், ஆஃப் ஆக எவ்வளவு நேரம்? உள்ளீட்டை 0 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்குச் சட்டென்று ஏற்றி இறக்கினால்தான் அது தெரியும். வோல்டேஜ் நேரத்தோடு மாறுவதை வரைந்து காட்டும் ஆஸிலோஸ்கோப் இல்லாதவர்களும் இதை எல்டிஸ்பைஸ் என்ற சர்க்யூட் சிமுலேஷன் மென்பொருளில் பார்த்துவிடலாம். அனலாக் டிவைசஸ் அதை இலவசமாகவே தருகிறது.

படி 1: சர்க்யூட்

ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டரை வைத்து, அதன் மேல் ரைட் கிளிக் செய்து, பட்டியலிலிருந்து 2என்2222 மாடலைத் தேர்ந்தெடுங்கள். எமிட்டர் கிரவுண்டுக்கு. கலெக்டரிலிருந்து 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாக 5 வோல்ட் சப்ளைக்கு. பேஸுக்கு முன்னால் 10 கிலோஓம், அதன் மறுமுனையில் இன்னொரு வோல்டேஜ் சோர்ஸ். கிரவுண்ட் குறியீடு இல்லாமல் சிமுலேஷன் ஓடாது.

மதிப்பு எழுதும்போது ஒரு எச்சரிக்கை: ஸ்பைஸில் 'எம்' என்றால், பெரிய எழுத்தானாலும் சின்ன எழுத்தானாலும், மில்லிதான். மெகா வேண்டுமானால் 'மெக்' என்று மூன்று எழுத்தும் போட வேண்டும்.

படி 2: கணக்கு

பேஸ் மின்னோட்டம் (5 − 0.7) ÷ 10,000, அதாவது 0.43 மில்லிஆம்பியர். கலெக்டரில் அதிகபட்சம் சுமார் 4.8 மில்லிஆம்பியர். இரண்டின் விகிதம் 11 அளவில்தான்; டிரான்சிஸ்டர் இதைவிட அதிகமாகப் பெருக்கக்கூடியது என்பதால் நன்றாகவே சாச்சுரேஷனுக்குள், அதாவது பேஸ் மின்னோட்டத்தைக் கூட்டினாலும் கலெக்டர் மின்னோட்டம் ஏறாத முழு ஆன் நிலைக்குள், போய்விடும். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

படி 3: ஸ்டெப்

உள்ளீட்டு சோர்ஸில் ரைட் கிளிக், அட்வான்ஸ்டு, பல்ஸ். தொடக்க வோல்டேஜ் 0, ஆன் வோல்டேஜ் 5, தாமதம் 2 மைக்ரோநொடி, ஏற்றமும் இறக்கமும் 10 நானோநொடி, ஆன் நேரம் 8 மைக்ரோநொடி, பீரியட் 20 மைக்ரோநொடி. மைக்ரோவுக்கு 'யூ', நானோவுக்கு 'என்' எழுத்து.

ஏற்ற, இறக்க நேரத்தில் சைபர் போடாதீர்கள். போட்டால் மென்பொருள் தானாக ஒரு மதிப்பை எடுத்துக்கொள்ளும். அப்போது நீங்கள் பார்க்கும் சாய்வு டிரான்சிஸ்டருடையதா சோர்ஸுடையதா என்றே தெரியாது.

படி 4: ஓட்டுங்கள்

டிரான்சியன்ட் அனாலிசிஸ் (நேரத்தோடு மாறுவதைக் கணக்கிடும் வகை), நிறுத்தும் நேரம் 20 மைக்ரோநொடி. ஓடியதும் உள்ளீட்டு வயர் மேலும் கலெக்டர் வயர் மேலும் கிளிக் செய்தால் இரண்டு வரைபடமும் வரும். உள்ளீடு ஏறும்போது கலெக்டர் விறுவிறுவென்று இறங்கும். இனி 10 மைக்ரோநொடிப் பக்கம் பெரிதாக்கிப் பாருங்கள். உள்ளீடு சைபருக்கு வந்த பிறகும் கலெக்டர் சில நூறு நானோநொடி கீழேயே கிடக்கும், அப்புறம்தான் மெதுவாக ஏறும்.

இதற்குக் காரணம் சாச்சுரேஷன். தேவைக்கு மேல் பாய்ந்த பேஸ் மின்னோட்டம் பேஸ் பகுதியில் மின்னூட்டமாகத் தேங்கி நிற்கிறது. அது வடியாமல் டிரான்சிஸ்டர் ஆஃப் ஆகாது. வடியவும் அதே 10 கிலோஓம்தான் வழி: 0.7 வோல்ட் தள்ளும்போது வெறும் 0.07 மில்லிஆம்பியர். உள்ளே போனதில் ஆறில் ஒரு பங்கு! ஆன் ஆவதைவிட ஆஃப் ஆவது இவ்வளவு தாமதமாவது அதனால்தான். என்னைக் கேட்டால், இந்தப் பயிற்சியில் பார்க்கவேண்டிய இடமே இதுதான்.

படி 5: சரிசெய்வது

10 கிலோஓமுக்கு இணையாக 100 பிகோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றைப் போட்டு மறுபடி ஓட்டுங்கள். உள்ளீடு விழும் கணத்தில் அது பேஸை சைபருக்கும் கீழே இழுத்து, தேங்கியதை உறிஞ்சிவிடும். தாமதம் வெகுவாகக் குறையும்.

அப்படியானால் 1 நானோஃபாரட் போட்டால் என்ன? பேஸ் வோல்டேஜையும் வரைந்து பாருங்கள்: மைனஸ் 4 வோல்ட் பக்கம் போகும். 2என்2222 தாங்கும் எமிட்டர்-பேஸ் எதிர் வோல்டேஜ் 5 தான். உள்ளீடு 12 வோல்ட்டாக இருந்தால் அந்த எல்லை தாண்டிவிடும், ஆனால் எல்லை தாண்டினால் பேஸ்-எமிட்டர் சந்திப்பில் ஏற்படும் முறிவு இந்த மாடலில் சேர்க்கப்படாததால் சிமுலேஷன் எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடும். அந்த எல்லையை, தயாரிப்பாளர் தரும் விவரத்தாளான டேட்டாஷீட்டில்தான் பார்க்க வேண்டும்.